மனாமாவில் பத்தாவது ஆள்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. செவ்வாய்க்கிழமை காலை, ரத்தம் பரிசோதிக்கும் இயந்திரம் ஒன்றை எரித்தேன். தவறு என்னுடையது.

2. வியாழக்கிழமை மத்தியானம் தூசிப் புயல் வந்தது. சவூதியிலிருந்து பஹ்ரைனுக்கு வரும் கடல்பாலத்தை மூடினார்கள். அண்ணன் வரவில்லை.

3. அதே புயலில் விமான நிலையத்தையும் மூடினார்கள். எனக்கு முன்பின் தெரியாத ஒருவர் லண்டனுக்குப் போக முடியாமல் ஓட்டலுக்குத் திரும்பினார்.

4. சனிக்கிழமை, எனக்கு வேண்டிய கடை பூட்டியிருந்தது.

5. அன்றே ஒரு வீட்டில், அணைக்கக் கூடாத விளக்கை அணைத்தேன்.

6. ஞாயிற்றுக்கிழமை என் விமானம் நான் இல்லாமல் போனது.

இப்படி எழுதிப் பார்ப்பது வேலையில் வந்த பழக்கம். எது எதனால் நடந்தது என்பது வரிசையாக எழுதினால் தெரிந்துவிடும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஆறையும் நான் பல முறை எழுதிவிட்டேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி போடும் இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் கை நின்றுவிடுகிறது.

நான் வேலை செய்வது சென்னையில், மருத்துவமனைகளுக்கு இயந்திரங்கள் பொருத்திக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில். பஹ்ரைனின் தலைநகர் மனாமாவில் ஒரு மலையாளி டாக்டர் கிளினிக் திறக்கிறார். இரண்டு இயந்திரங்களைப் பொருத்தி ஓட்டிக் காட்ட வேண்டும். போக வேண்டிய சீனியருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. பாஸ்போர்ட் கையில் இருந்த அடுத்த ஆள் நான்.

பட்டுக்கோட்டையில் அம்மாவிடம் சொன்னபோது அவள் இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அண்ணன் இருக்குற ஊருக்கும் அதுக்கும் எவ்வளவு தூரம்?" என்றாள்.

அண்ணன் குமரேசன் நான்கு வருஷமாக அல் கோபாரில் கட்டட வேலை. மாதம் ஒரு கடிதம் தவறாது. ஆனால் கடைசி ஐந்து கடிதங்கள் வேறு யாரோ எழுதியவை. 'நான் நலம்' என்று எழுதியிருந்தது. கையெழுத்து அண்ணனுடையது அல்ல. கேட்டு எழுதினால் அதற்கு மட்டும் பதில் வராது. அல் கோபாருக்கும் மனாமாவுக்கும் இடையில் இப்போது பாலம் இருக்கிறது, திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தனியாகப் போகிற பெண்ணுக்கு சவூதி விசா கிடையாது. அதனால் அண்ணன்தான் பாலத்தைத் தாண்டி வர வேண்டும். வியாழக்கிழமை கம்பெனி வண்டி ஒன்று மனாமாவுக்கு வருகிறது, அதில் வருகிறேன் என்று பதில் வந்தது. அதுவும் அந்த வேறு கையெழுத்தில்.

"நீ கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு. மத்தவங்க எழுதுனது எனக்கு வேணாம்," என்றாள் அம்மா.

சனிக்கிழமை போய் இறங்கினேன். விமானத்தின் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது இட்லிப் பானையைத் திறந்தால் அடிக்கிற ஆவி. வெயிலை எதிர்பார்த்துத்தான் போனேன். வெயில் இவ்வளவு ஈரமாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடி பனித்து, முதல் ஐந்து நிமிஷம் பஹ்ரைனை நான் பார்க்கவே இல்லை.

கிளினிக்கில் டைப் அடிப்பதும் டெலக்ஸில் செய்தி அனுப்பி வாங்குவதும் ஜெயந்தி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். அவருடைய அறையில்தான் எனக்கும் ஒரு கட்டில். "என்ன பிள்ளை, எலும்பும் தோலுமா வந்து நிக்கிறாய்? மெட்ராசில ஒருத்தரும் சோறு தாறேல்லையே?" என்று கேட்டுக்கொண்டே சொதியை ஊற்றினார். சொதி எங்கள் ஊர்க் குழம்பு மாதிரி அதட்டாது. தேங்காய்ப் பாலில் மெதுவாகப் பேசும். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

சாப்பிடும்போது ஊரைப் பற்றிக் கேட்டேன். "போன வருஷம் எங்கட வீட்டில ஷெல் விழுந்திட்டுது. அம்மா அந்த நேரம் கிணத்தடியில நிண்டவ, தப்பிட்டா..." என்று தொடங்கினார். ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில், "நல்லவேளைக்கா. எல்லாம் ஏதோ நல்லதுக்குத்தான் இருக்கும்," என்றேன்.

அவர் தட்டிலிருந்து நிமிரவில்லை. "அப்பா உள்ளுக்க படுத்திருந்தவர்," என்றார். எழுந்து போய்த் தட்டைக் கழுவினார்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகும் அவர் எனக்குச் சோறு போட்டார், தேவைக்குப் பேசினார். அவ்வளவுதான்.

திங்களன்று முதல் இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்டது. இரண்டாவது புதியதல்ல, டாக்டர் அல் கோபாரில் ஓர் ஆஸ்பத்திரியில் பழையதாக வாங்கிப் பாலத்தின் வழியே கொண்டுவந்தது. அந்தப் பக்கம் மின்சாரம் நூற்றுப் பத்து வோல்ட், இந்தப் பக்கம் இருநூற்று முப்பது. செவ்வாய் காலை, பின்புறம் வோல்ட் மாற்றும் சுவிட்சைப் பார்த்தேன். பெரிய எண்ணில்தான் இருந்தது. மூடியைத் திறந்து உள்ளே சரிபார்ப்பது என் பட்டியலில் நான்காவது வரி. வரியின் பக்கத்தில் ஒரு சரி போட்டுவிட்டுத் திறக்காமலே செருகினேன். வார்னிஷ் கருகும் வாசனை வந்தது. அந்தச் சுவிட்சின் கம்பிகளை யாரோ முன்பே வெட்டி நேராக நூற்றுப் பத்துக்கே இணைத்திருக்கிறார்கள். ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த கம்பி. டிரான்ஸ்ஃபார்மர் கரிக்கட்டையாகிவிட்டது.

டாக்டர் கோபப்படவில்லை. "ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஃபிளைட் அல்லவா?" என்று மட்டும் கேட்டார். அதைவிட அவர் கோபப்பட்டிருக்கலாம்.

புதன்கிழமை ஆறு கிலோ டிரான்ஸ்ஃபார்மரை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் ஏறி, "சூக்" என்றேன். டிரைவர் "யல்லா" என்று சந்தோஷமாகக் கிளம்பி, கடலைத் தாண்டி முஹர்ரக் தீவின் சந்தையில் கொண்டுபோய் இறக்கினார். சந்தை என்றால் அவருக்கு அவர் ஊர்ச் சந்தைதான். திரும்பி வருவதற்குள் என் சுடிதாரில் கரி வட்டமாக ஒட்டியிருந்தது.

மனாமா கடைத்தெருவின் சந்து ஒன்றில் ரேடியோ, டிவி உதிரிபாகக் கடை. கூரை வரை சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகள். கல்லாவில் ஓர் அம்மாள், பெயர் வயலெட். ஸ்டூலில் அவருடைய தம்பி செலிம், ஒரு கையை நெஞ்சில் வைத்தபடி. இருவருக்கும் பம்பாய் இந்தி தண்ணீர்பட்ட பாடு. சொந்தக்காரர்கள் பாதிப்பேர் அங்கே இருந்தவர்களாம். என் இந்தி பிராத்மிக் பரீட்சையோடு நின்றது. மிச்சத்தை ஆங்கிலத்தில் நிரப்பிக்கொண்டோம்.

"கம்பி இருக்கிறது, சுற்றுகிற மெஷினும் இருக்கிறது. சுற்ற ஆள்தான் இல்லை," என்றார் வயலெட். "இவனுக்கு லண்டனில் நெஞ்சைத் திறந்து மூடியிருக்கிறார்கள்."

"எதையும் தூக்கக் கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார். பேசக் கூடாது என்று சொல்லவில்லை," என்றார் செலிம்.

"அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்," என்றார் வயலெட்.

பாலிடெக்னிக்கில் சுற்றிய அனுபவம் எனக்கு உண்டு என்றேன். வியாழன் காலை அவர்கள் கடையின் பின்புறம் உட்கார்ந்து, எரிந்த கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எண்ணினேன். நானூற்று நாற்பது. இங்கத்திய மின்சாரத்துக்குத் தொள்ளாயிரத்து இருபது சுற்று வேண்டும். ஒரு முழு நாள் வேலை.

"நாளைக்கு வெள்ளி, கடைத்தெரு லீவு. சனிக்கிழமை காலையில் வந்து முடித்துவிடுகிறேன்," என்றேன்.

"சனிக்கிழமை கடை கிடையாது."

"இங்கே வெள்ளிதானே லீவு?"

"வெள்ளி ஊருக்கு. சனி எங்களுக்கு," என்றார் வயலெட். "நாங்கள் யூதர்."

அரபு நாட்டில் யூதர் கடையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது மண்டையில் ஏற ஒரு நிமிஷம் ஆனது. தாத்தா காலத்தில் பாக்தாதிலிருந்து வந்த குடும்பமாம். உறவினர்கள் லண்டனுக்கும், வேறு ஊர்களுக்கும், பெயரை இங்கே உரக்கச் சொல்ல முடியாத ஓர் ஊருக்கும் போய்விட்டார்கள். இவர்கள் போகவில்லை. தொழுகைக் கூடம் பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது, வீட்டிலேயே கும்பிட்டுக்கொள்கிறார்கள்.

பன்னிரண்டு மணிக்கு வானம் மஞ்சளானது. பிறகு செங்கல் நிறம். கிளினிக்குக்கு ஓடி வந்து சேர்ந்தபோது பல்லிடுக்கில் மணல். அண்ணன் மூன்று மணிக்கு வர வேண்டும். கண்ணாடிக் கதவின் உட்பக்கம் ஆறு மணி வரை நின்றேன். எதிர்க் கட்டடம் தெரியவில்லை. பாலத்தை மூடிவிட்டதாக ரேடியோவில் சொல்கிறார்கள் என்று கிளினிக் டிரைவர் வந்து சொன்னார்.

அண்ணனின் கம்பெனிக்குப் போன் போட்டேன். மூன்றாவது முறை ஒருவர் எடுத்தார். "குமரேசன்? மாஃபி. மாஃபி குமரேசன். கலாஸ்." வைத்துவிட்டார். அப்படி ஓர் ஆள் இல்லை, முடிந்தது.

வெள்ளிக்கிழமை முழுவதும் நான் எழுதிய பட்டியலை இங்கே தர மாட்டேன். 'மாஃபி' என்பதற்கு என்னவெல்லாம் காரணம் இருக்கலாம் என்று ஏழு எழுதி, ஏழாவதை அடித்தேன்.

சனிக்கிழமை காலை பூட்டிய கடையின் முன் போய் நின்றேன். ஞாயிறு மாலை விமானம். கையில் இருந்தது ஒரே ஒரு நாள். எதிர் டீக்கடை மலையாளியிடம் கேட்டு, அவர்கள் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினேன். கெஞ்சிப் பார்க்கலாம் என்ற எண்ணம்.

வயலெட் கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்து, கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். முன் அறையில் ஆண்கள் சால்வை போர்த்திக்கொண்டு நின்றிருந்தார்கள். நடைவழியில் பட்டப்பகலில் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் பகலில் விளக்கு எரிந்தால் அம்மா தெரு முனை வரை கேட்கிற மாதிரி திட்டுவாள். யோசிக்கவே இல்லை. போகிற போக்கில் சுவிட்சைத் தட்டினேன்.

நடைவழி கும்மிருட்டு. அங்கே ஜன்னல் கிடையாது.

வயலெட் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "நேற்று சூரியன் மறையும் முன் போட்ட விளக்கு. இன்று மறைந்த பிறகுதான் தொடலாம். இன்றைக்குத் தீயும் மூட்ட மாட்டோம், சுவிட்சும் தொட மாட்டோம்."

"நான் போடுகிறேனே?"

"போடு என்று உன்னிடம் சொல்லக் கூடாது." கூரையைப் பார்த்தார். "பொதுவாகவே இது இருட்டான வீடு."

நான் சுவிட்சைப் போட்டேன். "நான் ஒன்றும் சொல்லவில்லை," என்றார் கூரையிடம்.

சமையலறையில் உட்காரவைத்தார். கதவிடுக்கில் செலிம் தெரிந்தார். அவர் தனியாக நின்று ஒரு வரி சொன்னார், குரல் பாதியில் உடைந்தது, மறுபடி தொடங்கினார். மற்றவர்கள் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். வயலெட் முந்தானையைப் போல இருந்த தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என்ன அது என்று கேட்டேன்.

"நன்றி. நான்கு பேர் இதைச் சொல்ல வேண்டும். கடலைக் கடந்தவன், பாலைவனத்தைக் கடந்தவன், நோயிலிருந்து எழுந்தவன், சிறையிலிருந்து வெளியே வந்தவன். தனியாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. பத்து ஆண்கள் முன்னால் சொல்ல வேண்டும். உனக்கு நல்லது செய்தவன் இனியும் நல்லதே செய்யட்டும் என்று அவர்கள் பதில் சொல்வார்கள்."

வளைகுடாவுக்கு வந்த நம் ஆட்களில் இந்த நான்கில் இரண்டையாவது பார்க்காதவர் யார் என்று நினைத்துக்கொண்டேன். "பெண்களை எண்ணுவதில்லையா?" என்றேன்.

"யார் எண்ணுவது? நாங்கள் சமைத்துக்கொண்டிருக்கிறோம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மூன்று மாதமாக இவன் காத்திருந்தான். இந்தத் தீவில் எங்கள் ஆண்கள் எல்லாரையும் கட்டிலிலிருந்து எழுப்பி உட்காரவைத்தாலும் ஒன்பது பேர்தான். பத்தாவது ஆள் லண்டன் வியாபாரி ஒருவர். வியாழன் மத்தியானம் போயிருக்க வேண்டியவர். புயலில் விமானம் நின்றுவிட்டது, நேற்றும் கிளம்பவில்லை. நேற்று மாலைக்கு மேல் அவரும் பயணம் செய்யமாட்டார். அதனால் இங்கே இருக்கிறார்." கொஞ்சம் தயங்கினார். "வியாழக்கிழமை நான் ஜன்னலில் நின்று அந்தப் புயலைப் பார்த்துச் சிரித்தேன். நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய் என்று அப்போது தெரியாது. உங்கள் கிளினிக் டிரைவர் சொன்னதாக எதிர் டீக்கடைக்காரர் நேற்றுதான் சொன்னார்."

எனக்குச் சுருக்கென்றது. "அப்படியானால் உங்கள் தம்பிக்குப் பத்தாவது ஆள் கிடைப்பதற்காக என் அண்ணன் வராமல் போனாரா?"

"நான் அப்படிச் சொல்லமாட்டேன்."

"ஆனால் அப்படித்தானே நம்புகிறீர்கள்? எல்லாம் அவன் செயல் என்று?"

"நம்புகிறேன். தூசியில் ஒரு துகள் கூட அவனுக்குத் தெரியாமல் பறக்காது. நல்ல செய்தி வந்தால் அவனை வாழ்த்துகிறோம். சாவுச் செய்தி வந்தாலும் வாழ்த்துகிறோம், நீதான் உண்மையான நீதிபதி என்று. என் அம்மா போனபோது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். எனக்கு வந்த கஷ்டத்தைப் பற்றி, இதில் ஏதோ நல்லது இருக்கிறது என்று நான் சொல்லிக்கொள்ளலாம். உனக்கு வந்ததைப் பற்றி நான் அப்படிச் சொல்லக் கூடாது. அது எங்களுக்கு விலக்கு. வலியில் இருப்பவனிடம் உன் பாவத்தால் வந்தது என்றும் சொல்லக் கூடாது, நல்லதுக்காக வந்தது என்றும் சொல்லக் கூடாது. வார்த்தையால் அடிப்பது அது. உன்னோடு உட்காரலாம். சாப்பாடு கொடுக்கலாம்."

ஜெயந்தி அக்கா தட்டைக் கழுவிய சத்தம் எனக்குக் கேட்டது.

செலிம் சால்வையை மடித்துக்கொண்டே உள்ளே வந்தார். "என்ன, இன்ஜினியருக்குப் பாடமா? இவளை நம்பாதே. இவளுக்கு அவன் எல்லாப் பெட்டியிலும் பெயர் எழுதி ஒட்டிவைத்திருக்கும் கடைக்காரன். ஒவ்வோர் இலையும் விழுவது அவன் சொல்லியா, மனிதர்களை மட்டும்தான் கவனிக்கிறானா என்று எங்கள் பெரியவர்கள் ஆயிரம் வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். நான் இரண்டாவது கட்சி. புயல் புயல்தான்."

"அப்படியென்றால் எதற்கு இன்றைக்கு நின்று நன்றி சொன்னாய்?" என்றார் வயலெட்.

"எழுந்து நிற்கிறேன் அல்லவா, அதற்கு. ஏன் படுத்தேன் என்று எனக்குத் தெரியாது. எழுந்தது தெரியும். தெரிந்ததுக்கு நன்றி சொன்னேன். பசிக்கிறது."

முந்தின நாள் மாலை அடுப்பில் ஏற்றி இரவெல்லாம் கனலில் வெந்த கோழியும் சோறும். கோழியின் வயிற்றுக்குள்ளும் சோறு. கூடவே வெந்த முட்டைகள் ஓட்டோடு காப்பி நிறமாகியிருந்தன. பக்கத்தில் மஞ்சளாக ஒரு மாங்காய் ஊறுகாய். பெயர் அம்பாவாம், பம்பாயிலிருந்து வந்தது. காரம் நம் ஊர் அளவுக்கு இல்லை. ஆனால் அந்த மேஜையில் எனக்குச் சொந்தக்காரர் மாதிரி இருந்தது அது ஒன்றுதான். லண்டன்காரர் எதிரே உட்கார்ந்து, போய்ச் சேராத கூட்டத்தையும் கெட்டுப்போன ஒப்பந்தத்தையும் பற்றி விடாமல் புலம்பினார். பத்தாவது ஆளாக இருந்ததில் அவருக்குப் பெரிய மகிழ்ச்சி இருந்ததாகத் தெரியவில்லை. மூன்று முட்டை சாப்பிட்டார்.

கடையைத் திறக்கச் சொல்லி நான் கெஞ்சவில்லை.

அறைக்குத் திரும்பியதும், "அக்கா, அன்றைக்கு நான் சொன்னது தப்பு," என்றேன்.

ஜெயந்தி அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். "ஓம், தப்புத்தான்," என்றார். அடுத்த துணியை எடுத்து உதறி, "அண்ணாவின்ர கொம்பனி பேரை எழுதித் தா. டெலக்ஸ் நம்பர் எடுக்கேலுமோ எண்டு பாக்கிறன். போனில 'மாஃபி' எண்டு சொல்லி வைக்கிற ஆக்களும் டெலக்ஸ் வந்தா கிழிச்சுக் குடுத்துத்தானே ஆகவேணும்," என்றார்.

ஞாயிறு காலை முதல் கடையின் பின்புறம். நான் கைப்பிடியைச் சுற்ற, வயலெட் நூறு நூறாக எண்ணி அட்டையில் கோடு போட, செலிம் கம்பி இறுக்கமாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசினார். ஐந்நூற்றுச் சொச்சத்தில் எண்ணிக்கை தவறி, அறுபது சுற்றைப் பிரித்து மறுபடி சுற்றினோம். "இவன் பேச்சால்," என்றார் வயலெட். அதற்குள் விமானத்துக்குப் போக வேண்டிய நேரம் வந்து, போய்விட்டது. செவ்வாய் வரை தங்கி முடித்துவிட்டு வா என்று, நான் அனுப்பிய டெலக்ஸுக்குச் சென்னையிலிருந்து பதில் வந்தது. அந்தச் செய்தியில் இருந்த ஒரே அன்பான வார்த்தை 'வா'.

திங்களன்று வார்னிஷ் காய்ந்ததும் டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்தினேன். மூடியைத் திறந்து வைத்து, எல்லாக் கம்பியையும் மீட்டரால் தொட்டுப் பார்த்து, பிறகு செருகினேன். ஓடியது. டாக்டர் தன் ரத்தத்தையே முதலில் கொடுத்தார்.

இயந்திரம் அச்சடித்த அறிக்கைத் தாளைக் கிழித்தெடுத்துக்கொண்டிருந்தபோது ஜெயந்தி அக்கா ஓடி வந்தார். "பிள்ளை, வாசலில ஓராள் நிக்கிறார். மூஞ்சி உன்ர மூஞ்சிதான்."

அண்ணன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். சட்டை முழுக்க வியர்வை. வலது கை பேண்ட் பாக்கெட்டில்.

"என்னா பாப்பா, மெசினு ரொம்பச் சேதமா? ஒன் வேலைக்கு ஒண்ணும் இல்லையே?"

"மெசினு ஓடுதுண்ணே."

"ஓடுதா?" அண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து ஓட்டலில் பரோட்டா சொன்னோம். அவர் ஸ்பூன் கேட்டு வாங்கினார். இடது கையால் எடுத்தார். "புயல்ல பாலத்த மூடிட்டாங்கன்னு சொன்னாங்க. ரொம்ப நேரம் காத்துக்கிட்டு இருந்தேண்ணே," என்றேன்.

அண்ணன் ஸ்பூனைக் கீழே வைத்தார். "புயலு மத்தியானந்தான். எங்க வண்டி காலையில எட்டு மணிக்கே வந்துருச்சு இந்த ஊருக்கு. நான் ஏறல."



அவர் வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. கட்டை விரல் பாதி இருந்தது. "கம்பி வெட்டுற மெசினு. அஞ்சாறு மாசமாச்சு. இத எப்படி ஒங்கிட்ட காட்டுறது? நீ அம்மாட்ட போய்ச் சொல்லுவே. ஞாயித்துக்கெழம கெளம்பிருவே, ரெண்டு மூணு நாளு கண்ணுல படாம இருந்தாப் போதும்னு நெனச்சேன். என்னை இப்ப ஸ்டோர்ல போட்டுருக்காங்க, அது வேற எடம். அதான் ஆபீஸ்ல இல்லன்னுருக்கான். நேத்து ஸ்டோருக்கு டெலக்ஸ் பேப்பரு வருது. சாமான் லிஸ்டுன்னு பாத்தா எம் பேரு. 'தங்கை இங்கேயே இருக்கிறார், மெஷின் எரிந்துவிட்டது, உடனே வரவும்.' ஒன்னைய வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கன்னு நெனச்சேன். கபீலு, அதான் எங்க விசா மொதலாளி, அவரு வீட்டு வாசல்ல போய் நின்னு லெட்டரும் ஒரு நாளைக்குப் பாஸ்போர்ட்டும் வாங்கிட்டு ஓடியாந்தேன்."

மெஷின் பிழைத்துக்கொள்ளும் என்பது ஜெயந்தி அக்காவுக்கு அப்போதே தெரியும். அதை அவர் டெலக்ஸில் சேர்க்கவில்லை.

என் பட்டியலில் இரண்டாவது வரி தப்பு. புயல் என் அண்ணனை நிறுத்தவில்லை. புயலே வராவிட்டாலும் வியாழக்கிழமை நான் அந்தக் கதவின் பின்னால் நின்றிருப்பேன், அவர் வந்திருக்கமாட்டார், ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் தெரியாமல் ஊருக்குப் போயிருப்பேன். அவரைப் பாலம் தாண்ட வைத்தது நான் எரித்த டிரான்ஸ்ஃபார்மர். என் தவற்றைப் பற்றி நான் சொல்லிக்கொள்ளலாம் என்றால், அது நல்லதாகப் போயிற்று என்று சொல்லிக்கொள்கிறேன்.

அந்தக் கையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னா, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குற?" என்றார் அண்ணன். "ரூம்ல அம்புட்டுப் பேரும் சொல்லிட்டானுவ. உசிரு போகாம வெரலோட போச்சேன்னு. கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு."

"வலிக்குதாண்ணே?"

"ஏசியில ஒக்காந்தா வலிக்கும்." பரோட்டாவை என் பக்கம் தள்ளினார். "பிச்சுப் போடு. ஸ்பூனுல இது சனியன் வழுக்கிட்டே போவுது."

பிய்த்துப் போட்டேன். சால்னாவை ஊற்றினேன். பாதி சாப்பிட்ட பிறகு அவராகவே, "ஸ்டோர்ல வெயில் கெடையாது. இங்கிலீசுல சாமான் பேரெல்லாம் படிச்சுக்கிட்டேன். அது ஒண்ணு இருக்கு," என்றார். பாக்கெட்டிலிருந்து ஒரு ரூல் போட்ட நோட்டை எடுத்துக் காட்டினார். இடது கையால் அ, ஆவிலிருந்து எழுதிப் பழகியிருக்கிறார். முதல் பக்கங்கள் எனக்குப் படிக்க முடியவில்லை. கடைசிப் பக்கம் படிக்க முடிந்தது.

அன்று மாலையே கம்பெனி வண்டியில் திரும்பிவிட்டார். மறுநாள் வயலெட்டிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது நடந்ததைச் சொன்னேன். அவர் "பார்த்தாயா?" என்று சொல்ல வாயெடுத்தது எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. ஒரு பாட்டில் அம்பாவைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். செலிம்தான், "அவள் சொல்லமாட்டாள், நான் கேட்கிறேன். நீ எந்தக் கட்சி?" என்றார். இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். "அப்படியானால் என் கட்சி," என்றார்.

இன்றைய நிலைமை இது. மனாமாவில் இரண்டு இயந்திரங்களும் ஓடுகின்றன. நான் ஊர் திரும்பி இரண்டு மாதமாகிறது. விரல்களைப் பற்றி அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நானே எழுதுகிறேன் என்று அண்ணன் கேட்டுக்கொண்டார், எழுதினார். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்து, எழுத்துக் கோணலாக இருந்தாலும் எழுதியது அவன்தான் என்றாள். அண்ணன் ஸ்டோரில் இருக்கிறார். தை மாதம் லீவு கேட்டிருக்கிறார். கபீல் சரி என்று சொல்லிவிட்டார். பாஸ்போர்ட்டை இன்னும் கையில் கொடுக்கவில்லை.